ஓட்டை ஒன்று, குழி இரண்டு: நிலத்தடிக் குடிநீர் லைன் கசிவைச் சரிசெய்யும் சேவை, என் அனுபவம்

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வேலை முடிந்துவிட்டது, இப்போது ஒழுகவில்லை, அப்புறம் ஏன் ஒன்றரையைப் பிடித்துக்கொண்டாய் என்று கேட்பீர்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சட்டையும் வண்டியும் மாறினாலும் இந்த வேலையில் சொதப்புகிற இடங்கள் மாறுவதில்லை, ஆகவே நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் இது பயன்படும்.

முன்வாசலுக்கும் எல்லைச் சுவருக்கும் நடுவே, மண் தரையில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு ஈரம். மழை நின்று பல நாள் ஆகியும் காயவில்லை, அந்த இடத்துப் புல் மட்டும் தனிப் பச்சையாக நின்றது. அரை மணி நேரத்தில் நிரம்பிக்கொண்டிருந்த தொட்டிக்கு ஐம்பது நிமிடம் ஆகத் தொடங்கியது. இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் முகத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பார்த்தேன், அசையவில்லை, சரி கசிவு இல்லை, ஏதோ ஊற்று என்று நிம்மதியாகப் போய்விட்டேன். மீட்டர் தன் வழியாகப் போகிற தண்ணீரைத்தான் எண்ணும். என் மீட்டர் இருப்பது வீட்டுச் சுவரில். தெருவில் போகும் மெயினிலிருந்து பிரியும் இணைப்பு எல்லையில் ஒரு வால்வைக் கடந்து, 32 மீட்டர் மண்ணுக்குள்ளேயே வந்து, அதற்குப் பிறகுதான் மீட்டரைத் தொடுகிறது. அந்த 32 மீட்டரில் எங்கே உடைந்தாலும் சக்கரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். கட்டணமும் ஏறாது, அதனாலேயே மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் ஓடும்.

நகராட்சி ஆள் ஒருவர் வந்தார். பத்து நிமிட வேலை, ஆனால் பார்க்க அழகாக இருந்தது. ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை எல்லை வால்வின் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தார், என்னையும் வைக்கச் சொன்னார். அடுப்பில் கேஸ் திறந்துவிட்ட மாதிரி ஒரு இரைச்சல். வால்வை மூடினார், இரைச்சல் படிப்படியாக அடங்கியது. ஓட்டை வால்வுக்கு இந்தப் பக்கம், அதாவது என் பக்கம். இங்கே எல்லை வால்வு வரை அவர்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு வீட்டுக்காரர் பொறுப்பு. இந்தக் கோடு இடத்துக்கு இடம் மாறும், மீட்டரிலேயே கோடு போடுகிற நிர்வாகங்களும் உண்டு, ஆகவே யாரையும் வேலைக்குக் கூப்பிடும் முன் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் இலவசமாகச் செய்ய வேண்டியதை நீங்கள் காசு கொடுத்துச் செய்துவிட்டு நிற்காதீர்கள்.

சின்னக் கசிவுதானே, பிறகு பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 3 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் விடும். ஒரு நாளைக்கு சுமார் 9,000 லிட்டர். ஓட்டையின் விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நான்கு மடங்கு. பிளாஸ்டிக் பைப்பில் விரிசலாக இருந்தால் இன்னும் மோசம், அழுத்தம் கூடும்போது விரிசலே வாய் திறக்கும்.

சரி, சேவைக்கு வருகிறேன். போனில் பேசியபோதே இரவு பத்து மணிக்கு மேல்தான் வருவோம் என்றார்கள், அதற்கே அரை மதிப்பெண் கொடுத்தேன். பகலில் வந்து கசிவைக் காதால் தேடுகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். இரவில் வண்டிச் சத்தம் இருக்காது, அதைவிட முக்கியம், அக்கம்பக்கத்தில் யாரும் தண்ணீர் எடுக்காததால் லைனில் அழுத்தம் ஏறியிருக்கும், அழுத்தம் ஏறினால் ஓட்டையின் சத்தமும் ஏறும்.

வந்ததும் ஈரத்தில் சின்னக் குழி பறித்து, ஊறிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து மருந்து போட்டார்கள். வெளிர் ரோஸ் நிறம் வந்தது. குளோரின் இருக்கிறது என்று பொருள், ஆகவே இது நிலத்தடி ஊற்றோ சாக்கடையோ இல்லை, குழாய்த் தண்ணீர்தான். நிறம் வராவிட்டால் குழாய்த் தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, மண்ணில் ஊறி வரும்போது குளோரின் செத்துப்போகும் என்றும் அவர்களே சொன்னார்கள். இந்த நேர்மை பிடித்திருந்தது.

அடுத்து கோரிலேட்டர். பெரிய நிறுவனம் என்று காட்டிக்கொள்ள எல்லாரும் வெளியே எடுக்கிற கருவி இதுதான், அதனால் இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் நல்லது. ஒரு சென்சாரை எல்லை வால்வில், இன்னொன்றை மீட்டர் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். ஓட்டையின் இரைச்சல் பைப் வழியாக இரண்டு பக்கமும் ஓடும், எந்தப் பக்கம் அருகில் இருக்கிறதோ அங்கே முதலில் போய்ச் சேரும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேர வித்தியாசத்தைக் கருவி அளக்கிறது. மொத்த நீளம் தெரியும், பைப்பில் சத்தம் ஓடும் வேகம் தெரியும், ஆகவே ஓட்டை எங்கே என்பது பள்ளிக்கூடக் கணக்கு.

வேகம் தெரியும் என்றேனே, சொதப்பல் அங்கேதான். அந்த வேகத்தைக் கருவி அளப்பதில்லை, இயக்குபவர்தான் பைப் எதனால் ஆனது என்று அதற்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் நிறைந்த இரும்புப் பைப்பில் சத்தம் நொடிக்கு 1,200, 1,300 மீட்டர் ஓடும். பிளாஸ்டிக் பைப்பில் 400 மீட்டர் ஓடினால் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம், பைப்பின் சுவரே இளகிக் கொடுத்து சத்தத்தை விழுங்கிவிடும்.

இயக்கிய தம்பி எல்லை வால்வைப் பார்த்தார், ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், வெளியே வருகிறது. மீட்டரைப் பார்த்தார், அங்கேயும் ஒரு சாண் ஜிஐ பைப் தரையிலிருந்து எழுகிறது. கருவியில் 'ஜிஐ' என்று தட்டினார். நானும் தலையாட்டினேன், எனக்கும் அப்படித்தான் தெரியும். வித்தியாசம் 15 மில்லி விநாடி. வேகம் 1,250 என்றால் வால்விலிருந்து 6.6 மீட்டரில் ஓட்டை. ஈரம் இருந்தது எட்டு மீட்டரில். பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், அன்று இரவே சுண்ணாம்பில் வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை மூன்று பேர் வந்து தோண்டினார்கள். முக்கால் மீட்டர் ஆழத்தில் பைப் கிடைத்தது. சுற்றிலும் சேறு, ஆனால் பைப்பில் எதுவும் பீய்ச்சவில்லை. கொஞ்சம் அகலமாகத் தோண்டியதும் ஜிஐ பைப் முடிந்து ஒரு இணைப்பு, அதற்குப் பிறகு கறுப்பு எச்டிபிஇ பைப், அதாவது பிளாஸ்டிக். முன்பு இருந்தவர்கள் எப்போதோ உள்ளே மட்டும் பிளாஸ்டிக் மாற்றிவிட்டு, வெளியே தெரியும் இரண்டு முனைகளையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். இணைப்பு பரவாயில்லை, காய்ந்துதான் இருந்தது.

இந்த இடத்தில் கோபம் வந்தது, ஏன் என்று சொல்கிறேன். அவர்கள் வண்டியில் பைப் லொகேட்டர் இருந்தது. உலோகப் பைப்பில் சிக்னல் ஏற்றித் தரைமேல் நடந்தால் பைப் போகும் வழி முழுக்கச் சத்தம் கொடுக்கும், உலோகம் முடிகிற இடத்தில் சத்தமும் போய்விடும். ஐந்து நிமிடம் அதை எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் ஆறாவது மீட்டரிலேயே ஏதோ மாறுகிறது என்று தெரிந்திருக்கும். தோண்டும் முன் கரண்ட் கேபிள் இருக்கிறதா என்று பார்க்க அதே கருவியைத்தான் எடுத்தார்கள், அதுவும் வட்டம் போட்ட இடத்தில் மட்டும். ஒரு மதிப்பெண் இதற்குப் போனது. கருவி வைத்திருப்பது பெரிதில்லை, முதல் கேள்வியாக 'இந்த லைன் என்ன பைப், எப்போது போட்டது, நடுவில் யாராவது மாற்றினார்களா' என்று கேட்கிற ஆள் வேண்டும். எனக்குப் பதில் தெரிந்திருக்காது, ஆனால் பதில் தெரியாது என்பதே அவர்களுக்கு ஒரு தகவல்.

காப்பாற்றியவர் தோண்ட வந்த பெரியவர் ஒருவர். குழிக்குள் நின்றுகொண்டு, தண்ணீர் தெருப் பக்கச் சுவரிலிருந்து வரவில்லை, வீட்டுப் பக்கச் சுவரிலிருந்து ஊறுகிறது என்று காட்டினார். தரை வீட்டிலிருந்து தெருவை நோக்கிச் சரிவு. பைப் போடத் தோண்டிய பள்ளத்தில் மண் எப்போதும் சுற்றுமண்ணைவிடத் தளர்வாக இருக்கும், ஓட்டையிலிருந்து வந்த தண்ணீர் அந்தத் தளர்வான வழியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி, எட்டாவது மீட்டரில்தான் தலை காட்டியிருக்கிறது. ஈரம் இருக்கிற இடத்தில் ஓட்டை இருக்கும் என்று நினைத்து அங்கே முதல் கடப்பாரையைப் போடுகிற எல்லாருக்கும் இது நடக்கும்.

கருவி இயக்கிய தம்பியைப் போனில் பிடித்தோம். முதல் 6 மீட்டர் இரும்பு, மீதி பிளாஸ்டிக் என்று கணக்கை மாற்றிப் போட்டால், அதே 15 மில்லி விநாடிக்கு ஓட்டை 15 மீட்டரில் வருகிறது. எட்டரை மீட்டர் தள்ளி! அங்கே மேலே நடைபாதைக் கல் பதித்திருக்கிறது, ஒரு சொட்டு ஈரம் இல்லை, நானாக இருந்தால் கடைசியில் கூடச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். இந்த முறை கல்லைப் பெயர்க்கும் முன் உறுதி செய்யுங்கள் என்று சொன்னேன். தரை மைக் வைத்து அடுத்தடுத்துக் கேட்டார்கள், 15க்குப் பக்கத்தில்தான் சத்தம் கூடியது. அதிலும் சந்தேகம் இருந்தால் ட்ரேசர் வாயு விடுவோம் என்றார்கள்: ஐந்து சதவீதம் ஹைட்ரஜன், மீதி நைட்ரஜன், அந்த விகிதத்தில் தீப்பிடிக்காது. லைனில் ஏற்றினால் ஹைட்ரஜன் ஓட்டை வழியாக வெளியேறி மண்ணைத் துளைத்து மேலே வரும், மேலே கருவி மோப்பம் பிடிக்கும். பிளாஸ்டிக் பைப்புக்கு நல்ல வழிதான். எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது குழியில் கிடைத்தது. பைப்புக்கு அடியில் முஷ்டி அளவு கூர்மையான கல் ஒன்று, பைப்பை அழுத்தி அழுத்தி, அந்த இடத்தில் விரல் நகம் நீளத்துக்கு விரிசல். பைப்பில் குறை இல்லை, பைப் போட்டவர் கீழே மணல் போடாமல் தோண்டிய கல்லையே திரும்பத் தள்ளியிருக்கிறார். மேலே ஆள் நடக்க, மண் இறுக, கல் மெதுவாக உள்ளே ஏறியிருக்கிறது.

ரிப்பேர் பகுதியில் கொஞ்சம் திட்டும் கொஞ்சம் பாராட்டும். மூவரில் ஒருவர் டியூப் ரப்பரைச் சுற்றிக் கம்பி கட்டிவிடலாம் என்று ஆரம்பித்தார். வேண்டவே வேண்டாம். ரப்பர் கட்டு ஓரிரு மாதம் தாங்கும், அப்புறம் அதே இடத்தில் திரும்ப நடைபாதையைப் பெயர்க்க வேண்டும். இரும்புப் பைப்பில் சின்ன அரிப்பு ஓட்டை என்றால் உள்ளே ரப்பர் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் ஒழுங்கான தீர்வு. பிளாஸ்டிக்கில் விரிசலுக்கு என்ன செய்ய வேண்டும் என்றால், விரிசல் எங்கே முடிகிறதோ அதற்கும் அப்பால் இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு வைக்க வேண்டும். கடைசியில் அப்படித்தான் செய்தார்கள்.

புதுத் துண்டை மின்சாரத்தில் உருக்கி ஒட்டுகிற எலக்ட்ரோஃபியூஷன் கப்ளிங் போடலாமே என்று நான் இணையத்தில் படித்ததை வைத்து மேதாவித்தனமாகக் கேட்டேன். பெரியவர் குழிக்குள் கையைக் காட்டினார், வெட்டிய பைப்பிலிருந்து தண்ணீர் நூலாக வந்துகொண்டே இருந்தது. எல்லை வால்வு பழசு, முழுக்க மூடவில்லை. உருக்கி ஒட்ட பைப் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும், மேல் தோலைச் சுரண்டி, சுத்தம் செய்து, ஒட்டிய பிறகு ஆறும் வரை ஆட்டாமல் விட வேண்டும், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் அது நடக்காது. ஆகவே உருக்காமல் நட்டை இறுக்கிப் பிடிக்க வைக்கிற கம்ப்ரஷன் கப்ளிங் இரண்டு. இதைப் போட்ட விதத்துக்குக் கைதட்டுவேன்: பைப்பை நேராக வெட்டி, முனையின் விளிம்பைச் சரிவாகச் சீவி, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு மறையும் வரை தள்ளி, பிறகு நட்டை இறுக்கினார். கோடு போடாமல் தள்ளுகிறவர்கள்தான் அதிகம், பைப் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டியதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியவே தெரியாது, முதல் நாள் பிடிக்கும், அழுத்தம் ஏறிய ஒரு இரவில் கழன்றுவிடும்.

இனி நான் மிச்ச அரை மதிப்பெண்ணைக் கழித்த காரணம், சுத்தம். இது குடிக்கிற தண்ணீர் வரும் பைப். பைப்பில் அழுத்தம் இருக்கும் வரை ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரும், அழுத்தம் போனால் குழியில் தேங்கிய சேற்றுத்தண்ணீர் உள்ளே போகும். அதனால் முதலில் குழியைப் பைப்புக்குக் கீழே ஒரு அடி ஆழமாக்கி, தேங்கும் தண்ணீரை இறைத்து, பைப் வெளியே தெரிந்த பிறகுதான் வால்வை மூட வேண்டும். இவர்கள் நனையாமல் வேலை செய்ய வசதி என்று முதலிலேயே மூடினார்கள், சேற்றில் பைப் மூழ்கிக் கிடந்தது. வால்வு சரியாக மூடாமல் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தது என் அதிர்ஷ்டம், பழைய வால்வைத் திட்டிக்கொண்டிருந்தவன் அன்று அதற்கு நன்றி சொன்னேன். கப்ளிங்கின் உட்பக்கத்தையும் புதுத் துண்டையும் குளோரின் கரைசலில் துடைக்க வேண்டும், ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் போதும், அதை நான் கேட்ட பிறகுதான் வண்டியிலிருந்து எடுத்தார்கள். வைத்திருக்கிறார்கள், கேட்டால்தான் எடுக்கிறார்கள்.

வால்வை மெதுவாகத் திறந்தார்கள், அது சரி, படாரென்று திறந்தால் தண்ணீர் ஓடிவந்து மோதுகிற அதிர்ச்சியில் வேறெங்காவது பிய்த்துக்கொள்ளும். முதலில் வெளியே இருக்கும் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஃபில்டர், கெய்சர் வழியாக முதல் தண்ணீரை விடாதீர்கள், லைனில் சேர்ந்த மண் எல்லாம் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் பயம் வேண்டாம், காற்று. டம்ளரில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும். பழுப்பாக வந்து அடியில் படிந்தால்தான் இன்னும் ஓடவிட வேண்டும்.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றார்கள். இரவு முழுக்க அழுத்தத்தில் இருக்கட்டும், காலையில் மூடுங்கள் என்று குழிமேல் பலகை போட்டுவிட்டேன். முணுமுணுத்தார்கள். காலையில் கப்ளிங் இரண்டும் தூசியாகக் காய்ந்திருந்தன, அதைத் தொட்டுப் பார்த்த திருப்தி தனி.

மூடும்போது மறுபடியும் ஒரு தகராறு. பக்கத்தில் குவித்து வைத்த அதே கல்லும் மண்ணும் மம்பட்டியில் உள்ளே போகிறது! விரிசல் வந்ததே அந்தக் கல்லால். நிறுத்தி, பைப்புக்கு அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு மணல் போடச் சொன்னேன், மணல் அவர்கள் கொண்டு வரவில்லை, நான்தான் ஏற்பாடு செய்தேன். மேலே மண்ணை அடுக்கு அடுக்காகப் போட்டு இடித்தார்கள், பாதி உயரத்தில் எச்சரிக்கை நாடா ஒன்றும் விரித்தார்கள், அது அவர்களாகவே செய்தது. ஆனாலும் முதல் மழைக்கு நடைபாதை இரண்டு விரல் இறங்கிவிட்டது. போன் செய்தேன், நான்காவது நாள் வந்து கல்லைத் தூக்கி நிரப்பிச் சமன் செய்தார்கள், கூடுதலாகக் கேட்கவில்லை.

இந்த வேலைக்குப் பிறகு தொட்டி மறுபடியும் அரை மணி நேரத்தில் நிரம்புகிறது. அழுத்தம் ஏறியதில் சமையலறைக் குழாய் வாஷர் சொட்ட ஆரம்பித்தது, அது வேறு கதை, பழைய வாஷர்தான் தன்னைக் காட்டிக்கொண்டது.

முழு லைனையும் மாற்றிவிடுங்கள் என்று கடைசியில் வலியுறுத்தினார்கள். பிளாஸ்டிக் பகுதி நன்றாக இருக்கிறது, மாட்டேன் என்றேன். முதல் 6 மீட்டர் ஜிஐ பைப்பை மட்டும் மாற்றலாம் என்று பெரியவர் தனியாகச் சொன்னதை நம்புகிறேன், ஜிஐ பைப்பில் மரை வெட்டிய இடங்கள்தான் முதலில் துருப்பிடித்துக் கரையும். எல்லை வால்வு மாற்றக் கேட்டு நகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் வால்வை மாற்றும் அன்றே இந்த 6 மீட்டரையும் மாற்றிவிட எண்ணம், ஒரே தடவை மூடினால் போதும். அதுவரை வாரம் ஒரு முறை இரவில், நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறேன். நேற்றும் கேட்டேன், சத்தம் இல்லை.